ஷேட், ஷேடோ: அகராதியில் ஒரே நிழல், ஆங்கிலத்தில் இரண்டு

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகன் எட்டாம் வகுப்பு. வழிப்போக்கர் ஒருவர் மரத்தின் எதில் இளைப்பாறினார் என்று ஒரு ஆங்கில வாக்கியம், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். பையன் ‘ஷேடோ’ என்று எழுதியிருக்கிறான். ஆசிரியை அதை அடித்து, சிவப்பு மையில் ‘ஷேட்’ என்று எழுதி, மதிப்பெண் போடாமல் விட்டுவிட்டார். வீட்டு அகராதியில் பார்த்தால் இரண்டுக்கும் ‘நிழல்’ என்றுதான் இருக்கிறது. அப்புறம் எப்படித் தப்பாகும், பள்ளிக்குப் போய்க் கேட்கட்டுமா என்கிறார்.

பள்ளிக்குப் போவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்த இரண்டையும் மாற்றிப் போடாத தமிழ்ப் பிள்ளை என் வகுப்பில் உட்கார்ந்ததாக நினைவில்லை. நானே மாற்றிப் போட்டிருக்கிறேன், அதுவும் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில். வேலை கிடைக்காததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

வெயில் படாத இடம் ஷேட். வெளிச்சத்தை ஒரு பொருள் மறித்தால் தரையிலோ சுவரிலோ விழுகிற உருவம் ஷேடோ. ஷேட் என்பது இடம் என்பதால் அதற்குள் போகலாம், பாய் விரித்துப் படுக்கலாம், வண்டியை நிறுத்தலாம். ஷேடோவுக்கு விளிம்பு உண்டு, சொந்தக்காரர் உண்டு. அது யாருடைய ஷேடோ, எதனுடைய ஷேடோ என்று கேட்டால் பதில் இருக்கும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று பாருங்கள். கடல் நடுவே பாறையில் 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். காலை வெயிலில் அந்தச் சிலையின் நிழல் மேற்கே அலைகள்மேல் நீண்டு கிடக்கும். அது ஷேடோ. அந்த நிழலால் யாருக்கும் குளிர்ச்சி இல்லை, யாரும் அதில் போய் நிற்கவும் முடியாது. ஆனாலும் அது சிலையின் உருவம். அதே நேரத்தில் படகுக்காக வரிசையில் நிற்கிறவர்கள், கூரை எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து உள்ளே நெருங்கி நிற்கிறார்களே, அவர்கள் தேடுவது ஷேட். அந்தக் கூரை நிழல் சதுரமா வட்டமா என்று அவர்களில் ஒருவருக்கும் கவலை கிடையாது. வெயில் படாவிட்டால் போதும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. வகுப்பில் இதுதான் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ராத்திரி மின்சாரம் போய்விடுகிறது, மெழுகுவத்தி ஏற்றுகிறோம். விரலை மடக்கிச் சுவரில் நாய் காட்டுகிறோம், முயல் காட்டுகிறோம். அதெல்லாம் ஷேடோ. அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஷேட் எங்கே என்று கேட்டால் கேள்வியே அபத்தமாக இருக்கும். ஷேடோவுக்கு ஏதாவது ஒரு வெளிச்சம் போதும்: நிலா, மெழுகுவத்தி, செல்போன் டார்ச். ஷேட் என்ற சொல்லுக்கு அநேகமாகச் சூரியன் வேண்டும், வெயிலின் உறைப்பு வேண்டும். பௌர்ணமியன்று தென்னந்தோப்பில் நடந்தால் காலடியில் முழுக்க ஷேடோக்கள்தான். ஷேட் விடிந்த பிறகு வரும்.

‘லேம்ப் ஷேட்’ என்று விளக்குக்குப் போடும் மூடியைச் சொல்கிறார்களே, அது ராத்திரிச் சாமான்தானே என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல பையன். அங்கே விளக்கின் கூச்சம் கண்ணில் படாமல் அந்த மூடி காக்கிறது. வெயிலுக்குப் பதில் பல்பு, அவ்வளவுதான். ஷேட் என்ற சொல்லில் காப்பு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டே வரும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்ட அம்மாவுக்கு இந்த வேற்றுமை புதிதாக இருக்க வாய்ப்பில்லை. அவர் அதை ஆங்கிலத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் கலந்து பேசுகிற வீடுகளில் கிழவிகள் எப்படிக் கூப்பிடுவார்கள்? “மக்ளே, வெயில்ல நிக்காத, தணல்ல வந்து இரி.” தணல் வேறு, நிழல் வேறு. மரத்தடியில் கிடைப்பது தணல். சுவரில் விழுவது நிழல். மலையாளத்தில் இது தெளிவான பிரிவு: தணல் என்றால் ஷேட், நிழல் என்றால் ஷேடோ. திருவிதாங்கூரோடு கிடந்து 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுக்கு வந்த மாவட்டம் இது. அந்தப் பழைய உறவு நம் நாக்கில் விட்டுவைத்த சொற்களில் ஆங்கிலத் தேர்வுக்கு உதவக்கூடிய ஒரு சோடி இதுவாகத்தான் இருக்கும்.

இதை வெளியூரில் சொன்னால் வம்பு. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், மைதானத்தில் வியர்த்து வந்த அறைத் தோழனிடம், கொஞ்ச நேரம் தணலில் இருடா என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னை எதுக்குடா அடுப்புல உக்காரச் சொல்ற?” என்றான். பொதுத்தமிழில் தணல் என்றால் கனன்று கிடக்கும் கங்கு. ஒரே எழுத்துகள், இங்கே குளிர்ச்சி, அங்கே நெருப்பு. மலையாளத் தணலின் வேர் ‘தண்’. தண்ணீரிலும் தண்மையிலும் இருக்கிற அதே குளிர்ச்சி. (குளிர்ந்த நீர் என்று பெயர் வைத்துவிட்டு அதையே ‘சுடுதண்ணி’ என்றும் சொல்கிற ஆட்கள் நாம், தணல் நெருப்பாகவும் இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.)

ஆகவே பையனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பாட்டி ‘தணல்’ என்று சொல்லும் இடமெல்லாம் ஷேட். அகராதியில் இரண்டு சொல்லுக்கும் நேரே ‘நிழல்’ என்று அச்சிட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொதுத்தமிழில் அந்த ஒரு சொல்தான் இரண்டு வேலையும் பார்க்கிறது. குழப்பம் வராமல் இருக்கப் பக்கத்துச் சொல் பார்த்துக்கொள்ளும். ‘நிழலில் நில்’ என்றால் ஒன்று, ‘நிழல் விழுகிறது’ என்றால் இன்னொன்று. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்ற பழமொழியை யாரும் ஷேடோ என்று புரிந்துகொள்வதில்லை. நிழல்போலத் தொடர்கிறான் என்றால் யாரும் ஷேட் என்று புரிந்துகொள்வதில்லை.

அந்தப் பாறைமேல் நிற்கிறவரே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார். ‘தீயவை செய்தார் கெடுதல் நிழல்தன்னை வீயாது அடிஉறைந் தற்று’ என்பது 208-ஆம் குறள். செய்த தீமை, காலடியை விட்டு நீங்காத நிழல்போல ஒட்டிக்கொண்டு வந்து கெடுக்கும் என்கிறார். அசல் ஷேடோ. 742-ஆம் குறளில் ஒரு நாட்டுக்கு அரண் எது என்று பட்டியல் போடும்போது ‘அணிநிழற் காடும்’ என்கிறார். அது ஷேட், தணல். 881-இல் ‘நிழல்நீரும்’ என்று வருகிறதே, நிழலில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீரும் கெடுதல் செய்தால் கெட்டதுதான் என்று, அதுவும் ஷேட். ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர் ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்தாக வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்பர் பாட்டிலும் அப்படித்தான். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று அடுக்கிவிட்டு, அவற்றைப் போன்றது ‘ஈசன் எந்தை இணையடி நீழலே’ என்று முடிக்கிறார். அடுக்கியது அத்தனையும் இதமானவை. எனவே நீழல் என்பது ஷேட். அதை ஷேடோ என்று பெயர்த்தால் இறைவனின் பாதம் தரையில் போட்ட கறுப்பு உருவம் என்று ஆகிவிடும்; படிக்கிற வெள்ளைக்காரர் குனிந்து தேடுவார்.

சரி, ஆங்கிலத்தில் மட்டும் எங்கிருந்து இரண்டு வந்தன? இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், ஏறக்குறைய ‘ஷாடு’ என்று ஒலித்த ஒரே சொல் இருந்தது. வாக்கியத்தில் எழுவாயாக நின்றால் ஒரு வடிவம். வேற்றுமை ஏற்கும்போது நடுவில் ஒரு ‘வ’கரம் சேர்ந்து இன்னொரு வடிவம். நமக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. மரம் என்போம், ஆனால் ‘மரமில்’ என்று சொல்ல மாட்டோம், மரத்தில் என்போம். வீடு, வீட்டில். ஒரு நாள் தமிழில் வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்துபோய், ‘மரம்’ என்பதும் ‘மரத்து’ என்பதும் தனித்தனிச் சொற்களாகி, ஒன்று நிற்கிற மரத்துக்கும் மற்றது அறுத்த பலகைக்கும் பெயராகிவிட்டால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். எழுவாய் வடிவம் ஷேட் ஆனது. வேற்றுமை வடிவம் ஷேடோ ஆனது. புல்வெளியைக் குறிக்கும் ‘மெடோ’ என்ற சொல்லும் இதே வழியில் வந்தது. அதன் எழுவாய் வடிவமான ‘மீட்’ இப்போது பழைய கவிதைகளில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஷேடும் ஷேடோவும் பிழைத்தது, இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதால்.

அந்தப் பாகப்பிரிவினை ஒரே நாளில் முடியவில்லை. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் வேதாகமம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 91-ஆம் சங்கீதம் ‘சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்’ என்கிறது. 121-ஆம் சங்கீதம் ‘கர்த்தர் உன் வலதுபக்கத்தில் உனக்கு நிழலாயிருக்கிறார்’ என்கிறது. தமிழில் இரண்டும் நிழல்தான், இரண்டும் அடைக்கலம்தான். ஆனால் 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் முதலாவது ஷேடோ, இரண்டாவது ஷேட். அந்தக் காலத்து ஷேடோவுக்குக் காப்பு என்ற பொருளும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆக, வழிப்போக்கரை ஷேடோவில் உட்கார வைத்த பையன் தப்பு செய்தான் என்பதைவிட, நானூறு வருஷம் பிந்தி வந்துவிட்டான் என்பதே சரி.

23-ஆம் சங்கீதத்தில் இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் மரணத்தின் ஷேடோ விழுந்த பள்ளத்தாக்கு. தமிழில் பெயர்த்தவர்கள் நிழல் என்று போடவில்லை; ‘மரண இருளின் பள்ளத்தாக்கிலே’ என்று போட்டார்கள். எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. நம் வெயிலில் நிழல் என்பது ஆசையோடு தேடிப் போகிற பொருள். ‘மரண நிழல்’ என்றால் தமிழ்க் காதுக்கு உரிய பயம் வராது. வெயிலே அபூர்வமான ஊரில் பிறந்த ஷேடோவுக்கு அந்த இருட்டு இயல்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்றும் ஆங்கிலத்தில் ‘ஷேடி’ ஆள் என்றால் நம்பத் தகாதவன். நம்மிடம் ‘நிழலான ஆள்’ என்று ஒருவரைச் சொன்னால், நாலு பேருக்கு ஒதுங்க இடம் கொடுக்கிறவர் என்றுதான் நினைப்போம்.

இலக்கணம் சுருக்கமாக. ஷேட் எண்ண முடியாதது, தண்ணீர் மாதிரி. ஷேடோவை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ‘எ ஷேட்’ என்று முன்னால் ஒரு ‘எ’ வந்துவிட்டால் பெரும்பாலும் நிறத்தைப் பற்றிய பேச்சு. ‘ஷேட்ஸ்’ என்று பன்மையில் சொன்னால், பேச்சு வழக்கில் கூலிங் கிளாஸ்.

நிறம் என்றதும் நினைவு வருகிறது. ஷேட் என்ற சொல்லை நம் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே சரியாகத்தான் புழங்குகிறார்கள். பெயின்ட் கடையில் போய் ‘ஷேட் கார்டு’ கேட்கிறோம். ‘ஷேடோ கார்டு’ என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு நூல் வாங்கப் போனால், இதே ஷேடில் இல்லை, இதைவிட ஒரு ஷேட் கம்மி என்று கடைக்காரர் சொல்வார். கொத்தனார் ஜன்னலுக்கு மேல் ‘சன்ஷேட்’ போடுகிறார். நாற்றுப் பண்ணையில் பச்சை ‘ஷேட் நெட்’ கட்டியிருக்கிறார்கள். இவர்கள் யாரும் கோடிட்ட இடத்தை நிரப்பியவர்கள் இல்லை. ஆனால் ஒருவரும் தவறவில்லை. பிள்ளைக்கு உதாரணம் வேண்டுமென்றால் பாடப்புத்தகத்தைவிட இந்தச் சொற்கள் மேல்.

ஷேடோவின் பக்கத்தில் எனக்குப் பிடித்தது புவியியல் சொல். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போயிருப்பீர்கள். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பரும் ஈரமுமாகப் பச்சை பிடித்துக் கிடக்கிறது. கணவாய்க்கு அந்தப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் தொடங்கும்போதே மண் வறண்டுவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலை மறித்து, தன் மேற்குச் சரிவிலேயே கொட்ட வைக்கிறது. மறுபக்கத்துக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். அந்த மறுபக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரெய்ன் ஷேடோ’ என்று பெயர். அங்கே போய் நின்றால் தலை வெடிக்கிற வெயில். ஷேட் என்று சொல்ல ஒரு மரம் கிடைக்காது. ஆனாலும் அது ஷேடோ. ஏனென்றால் ஒன்று வரவேண்டிய வழியில் மலை குறுக்கே நிற்கிறது, அதன் பின்னால் அது வராத இடம் மலையின் நீளத்துக்கு விழுந்து கிடக்கிறது. ஷேடோவின் உள்ளர்த்தம் இந்த மறிப்புதான். வெளிச்சம்தான் மறிக்கப்பட வேண்டும் என்றில்லை. நம் பாடநூலில் ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று பெயர்த்தவர் நிழலை விட்டுவிட்டு மறைவைப் பிடித்தார். கெட்டிக்காரர்.

மற்றவை அன்றாடத்தில் தானாகப் பழகிவிடும்: ஒருவரை விடாமல் பின்தொடர்வது ஷேடோ, எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவை ஷேடோ. நம் மாவட்டத்துக் கலைஞர்கள் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் தோல்பாவைக் கூத்துக்கும் ஆங்கிலத்தில் ஷேடோ வைத்துத்தான் பெயர். திரைக்குப் பின்னால் விளக்கு, நடுவில் பாவை, முன்னால் உருவம், பெயர் பொருத்தம்தான். பாவையில் தீட்டிய சிவப்பும் பச்சையும் திரையில் வண்ணமாகவே தெரிவதால் ‘நிழல்’ என்று மட்டும் சொல்வது அந்தக் கலைக்குக் குறைவு என்பது என் எண்ணம்.

தமிழில் நிழல் என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றைத் தேடினால் ஏமாறுகிற இடங்களும் உண்டு. பேருந்துக்குக் காத்திருக்கும் ‘பயணியர் நிழற்குடை’ ஆங்கிலத்தில் ஷேட்டும் இல்லை ஷேடோவும் இல்லை, பஸ் ஷெல்டர். நிழற்படம், ஃபோட்டோ. பழைய நினைவு மனதில் நிழலாடுகிறது என்றால் அதற்கு நேர்ச்சொல்லே இல்லை, வேறு மாதிரித்தான் எழுத வேண்டும். மாத்தூர் தொட்டிப் பாலத்தின் தூண்கள் பறளியாற்றுத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவதைச் சிலர் நிழல் என்கிறார்கள். பழந்தமிழில் அதற்கு இடம் உண்டு. ஆங்கிலத்தில் அது ரிஃப்ளெக்ஷன். கண்ணாடிபோல் தெரிந்தால் ரிஃப்ளெக்ஷன், கறுப்பாக விழுந்தால் ஷேடோ.

இனி பள்ளி விவகாரம். ‘இன் த ஷேடோ ஆஃப் எ ட்ரீ’ என்பது இலக்கணப் பிழை இல்லை. ஆங்கிலேயர்களும் எழுதுவார்கள். ஆனால் வேறு இடத்தில் எழுதுவார்கள்: ஒருவன் மரத்தின் இருட்டில் ஒளிந்து நிற்கிறான், வருகிற ஆளை நோட்டம் விடுகிறான் என்றால். வழிப்போக்கர் இளைப்பாறினார் என்றதுமே அவருக்கு வெயிலிலிருந்து விடுதலை வேண்டும். அங்கே ஷேட்தான் பொருந்தும். ஆசிரியை திருத்தியது சரி. நானாக இருந்தால் அரை மதிப்பெண் போட்டிருப்பேன், அத்தோடு ஓரத்தில் ‘தணல்’ என்று ஒரு சொல்லையும் எழுதியிருப்பேன். மதிப்பெண்ணுக்காகப் போய் நிற்க வேண்டாம். இந்த வேற்றுமையை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கத் தாராளமாகப் போகலாம்.

ஒரே இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாள் ஒன்று எனக்கு உண்டு. 2010 ஜனவரி 15, கங்கணச் சூரிய கிரகணம். கன்னியாகுமரியில் பகல் ஒன்றேகால் மணி வாக்கில் சூரியன் வளையமாக நின்றது. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் ஒரு மரத்தடியில் குனிந்திருந்தேன். இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் ஒரு குட்டி வளையம். தரை முழுக்க மோதிரம் கொட்டின மாதிரி. நான் நின்றது மரத்தின் ஷேட். மேலே சூரியனின் நடுவை மறித்துக்கொண்டு நின்ற நிலா, ஊரின்மேல் போட்டது ஷேடோ.

அப்படி ஒரு கிரகணத்துக்குப் பையன் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் அட்சரேகைக்கு, வருஷத்தில் இரண்டு முறை நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும்: ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒரு முறை, செப்டம்பர் 1, 2 வாக்கில் ஒரு முறை. பகல் 12.20 மணி சுமாருக்கு அவனைப் பள்ளி மைதானத்தில் கொடிக்கம்பத்தின் அருகே நிறுத்துங்கள். கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காலடிக்குள் மறைந்துவிடும். ஷேடோ எங்கே என்று கேளுங்கள், தேடுவான். தலை சுடத் தொடங்கியதும் பக்கத்து வேப்பமரத்தடிக்குத் தானாக ஓடுவான். அப்போது கேளுங்கள், இப்போ நீ நிற்கிறது எதிலே என்று.